லினக்ஸில் புதிய வெர்ஷன் கேட்பது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் வரையும் பட்டறையில் இங்க்ஸ்கேப், அம்மாபேட்டையில் சேலை பார்டர் வரைபவரிடம் ஜிம்ப், ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் நில வரைபடத்துக்கு க்யூஜிஸ். நான் போய்ப் பார்க்கும் இடங்களில் லினக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே குறை: "தம்பி, யூடியூப்ல காட்டுற டூல் என்னோடதுல இல்லையே. அப்டேட் எல்லாம் போட்டாச்சே!"

கொலுசுப் பட்டறைக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகளிலிருந்து வேண்டிய வடிவத்தை மட்டும் தொட்டுச் சேர்க்கும் ஷேப் பில்டர் என்ற கருவி இங்க்ஸ்கேப் 1.3-இல்தான் வந்தது. அது 2023 ஜூலையில் வெளியானது. டெபியன் 12 வெளியானது அதற்கு முந்தைய மாதம், ஜூன் 10. அதில் இருப்பது 1.2.2. உபுண்டு 24.04-இலும் அதே 1.2.2தான். எத்தனை முறை அப்டேட் போட்டாலும் அந்த எண் ஏறாது. அது கோளாறு அல்ல, அந்த டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தருபவை) வேண்டுமென்றே வைத்திருக்கும் கொள்கை.

அப்படியானால் புதியதைக் கேட்கவே முடியாதா? முடியும். ஆனால் யாரிடம், எந்த வடிவில், எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். "புது வெர்ஷன் போடுங்க" என்று ஒற்றை வரியில் எழுதினால் பெரும்பாலும் மௌனம்தான் கிடைக்கும். பேக்கேஜை, அதாவது டிஸ்ட்ரோவுக்காகக் கட்டித் தரும் மென்பொருள் பொதியைப், பராமரிப்பவர் நம் கோரிக்கையைப் படித்ததும் அடுத்த வேலையைத் தொடங்கிவிட முடிய வேண்டும். அவருக்குத் தேவையான தேடலை நாமே முடித்துக் கொடுப்பதுதான் இதில் பாதி வேலை.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: உங்களிடம் என்ன இருக்கிறது?

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் "ஏபிடி பாலிசி" என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டுப் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். முதல் வரியில் இப்போது நிறுவியிருப்பது, அடுத்த வரியில் நிறுவக் கிடைப்பது, அதன் கீழே எந்தெந்தக் களஞ்சியத்தில் (பேக்கேஜுகள் இறங்கும் இடம்) எந்த வெர்ஷன் என்ற பட்டியல் வரும். ஃபெடோராவில் "டிஎன்எஃப் இன்ஃபோ", ஆர்ச்சில் "பேக்மேன் மைனஸ் க்யூஐ" (இதில் க்யூ மட்டும் பெரிய எழுத்து).

வெர்ஷன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. டெபியன் குடும்பத்தில் கடைசி இணைப்புக்குறிக்கு முன்னால் இருப்பது மென்பொருளை எழுதியவர்கள் கொடுத்த எண். பின்னால் இருப்பது டிஸ்ட்ரோ தன் பங்குக்குச் செய்த திருத்தங்களின் எண். அந்தப் பின்பகுதியில் டெப்12யு1 போல ஒரு வால் இருந்தால், டெபியன் 12 வெளியான பிறகு அதே பழைய வெர்ஷனுக்குள் திருத்தம் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வரும் கோரிக்கைகளில் கணிசமானவை பாதுகாப்பு பயத்தில் வருபவை. கல்லூரி ஆய்வகத்தில் ஏதோ ஒரு ஸ்கேனரை ஓட்டுவார்கள், "உங்கள் வெர்ஷன் பழையது, ஓட்டை இருக்கிறது" என்று சிவப்பில் ஒரு பட்டியல் வரும், உடனே புதிய வெர்ஷன் வேண்டும் என்று கிளம்புவார்கள். ஸ்கேனர் பார்ப்பது முன்பகுதி எண்ணை மட்டும். ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும், எண் மட்டும் அப்படியே இருக்கும். "ஏபிடி சேஞ்ச்லாக்" கட்டளையில் அந்த ஓட்டைக்குரிய சிவிஇ அடையாள எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் பாருங்கள். அங்கே "ஃபிக்ஸ்டு" என்று இருந்தால் கோரிக்கையே தேவையில்லை.

படி 2: வெளியே என்ன நடக்கிறது?

ரிப்பாலஜி என்று ஒரு தளம் இருக்கிறது. ஒரு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் எந்த டிஸ்ட்ரோவில் எந்த வெர்ஷன் என்று ஒரே பக்கத்தில் காட்டும். புதியது பச்சை, பின்தங்கியது சிவப்பு. உங்கள் டிஸ்ட்ரோ மட்டும் சிவப்பா, எல்லாருமே சிவப்பா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் பழையதாக இருந்தால், புதிய வெர்ஷனில் கட்டுமானச் சிக்கல் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

டெபியனாக இருந்தால் அடுத்து பேக்கேஜ் டிராக்கர். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு: பராமரிப்பாளர் யார், ஸ்டேபிளில் (வெளியான பதிப்பு) எந்த எண், டெஸ்டிங்கில் (அடுத்த பதிப்புக்குத் தயாராவது) எது, அன்ஸ்டேபிளில் (புதியது முதலில் நுழையும் இடம்) எது, திறந்திருக்கும் வழுக்கள் (பக்) எத்தனை. இந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

"ஆக்ஷன் நீடட்" என்ற பகுதியில் "புதிய அப்ஸ்ட்ரீம் வெர்ஷன் இருக்கிறது, பேக்கேஜ் செய்யலாமே" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா (அப்ஸ்ட்ரீம் என்றால் மென்பொருளை எழுதியவர்கள்)? இருந்தால் பராமரிப்பாளருக்குத் தகவல் ஏற்கெனவே போயிருக்கிறது. அதையே திரும்பச் சொல்வதால் பயனில்லை.

புதியது அன்ஸ்டேபிளில் இருக்கிறது, டெஸ்டிங்குக்கு இன்னும் வரவில்லையா? "எக்ஸ்க்யூசஸ்" இணைப்பைச் சொடுக்குங்கள். சில நாள் காத்திருப்பு மட்டுமா, ஏதோ ஒரு ப்ராசசர் வகைக்கு பில்ட் தோற்றதா, தானியங்கிச் சோதனை உடைந்ததா என்று காரணத்தோடு சொல்லும்.

"ஆக்ஷன் நீடட்" பகுதியில் அந்த வரியே இல்லை, ஆனால் புதியது வெளியாகி மாதக்கணக்கில் ஆகிறது என்றால்? இங்கேதான் நமக்கு உண்மையான வேலை. டெபியன் பேக்கேஜுக்குள் வாட்ச் என்ற சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். புதிய வெளியீடு வந்திருக்கிறதா என்று எந்த முகவரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் மூலநிரலைப் பழைய இடத்திலிருந்து கிட்ஹப்புக்கோ கிட்லேபுக்கோ மாற்றிவிட்டால் அந்த முகவரி செத்துப்போகும். டிராக்கர் எதையும் கண்டுபிடிக்காது, பராமரிப்பாளருக்கும் தெரியவே தெரியாது. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜை நிறுவி, மூலப் பேக்கேஜை இறக்கி, அந்தக் கோப்புறைக்குள் நின்று "யுஸ்கேன்" ஓட்டிப் பார்த்தால் உடைந்திருக்கிறதா என்று தெரியும். உடைந்திருந்தால் புதிய முகவரியோடு எழுதுங்கள். "புது வெர்ஷன் போடுங்க" என்ற கோரிக்கையைவிட இது பல மடங்கு மதிப்புள்ள அறிக்கை.

படி 3: இது கேட்கும் நேரமா?

அம்மாபேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் பாவு ஏறிய பிறகு இழை எண்ணிக்கையை மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். அடுத்த பாவுக்குச் சொல்லுங்கள் என்பார்கள். டிஸ்ட்ரோ வெளியீடும் அப்படித்தான்.

டெபியன் 13-இன் உறைவு (வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்துவது) 2025 மார்ச் 15-இல் தொடங்கியது. முதல் கட்டத்தில் பெரிய நூலக (லைப்ரரி, பல மென்பொருள்கள் பகிரும் நிரல்) மாற்றங்கள் நின்றன. ஏப்ரல் நடுவில் சின்னத் திருத்தங்கள் மட்டும் என்ற கட்டம், மே நடுவில் கடும் உறைவு, ஆகஸ்ட் 9-இல் வெளியீடு. உறைவு நடக்கும் மாதங்களில் கோரிக்கை அனுப்பினால், "வெளியீடு முடியட்டும்" என்ற பதில்தான் வரும். அவசரப்படுபவர்களுக்காகப் பராமரிப்பாளர் எக்ஸ்பெரிமெண்டல் என்ற பகுதியில் ஏற்றி வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

உபுண்டுவில் ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டெபியனிலிருந்து தானாக இறக்குவது நிற்கும், அப்புறம் புதிய வசதிகளும் நிற்கும். அக்டோபர் வெளியீட்டில் வேண்டுமென்றால் ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் மே, ஜூனிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: சரியான கதவு எது?

மின்ட், உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) மேல் நிற்கிறது. மின்ட் 22-க்கு அடித்தளம் உபுண்டு 24.04. உபுண்டுவின் பெரும்பாலான பேக்கேஜுகள் டெபியனிலிருந்து வருகின்றன. அரசு இலவச மடிக்கணினிகளில் பலர் பார்த்திருக்கும் பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதுவும் டெபியனை அடியொற்றியதே. ஆகவே மின்ட்டில் இங்க்ஸ்கேப் பழையது என்று மின்ட்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. சின்னமன் டெஸ்க்டாப்பைப் பற்றியது என்றால்தான் அது அவர்கள் கதவு. மேலே ஏறிப்போய் ஊற்றுக்கண்ணில் கேளுங்கள்.

டெபியன். அன்ஸ்டேபிளில் இன்னும் வராத புதிய வெர்ஷன் வேண்டுமென்றால் அந்தப் பேக்கேஜின்மேல் ஒரு வழு அறிக்கை, தீவிரம் "விஷ்லிஸ்ட்" (விருப்பக் கோரிக்கை). முதலில் ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அதே அறிக்கையில் புதிய தகவலைச் சேர்க்கலாம். புதிய தகவல் இல்லையென்றால் "எனக்கும் வேண்டும்" என்று மட்டும் எழுத வேண்டாம். அனுப்ப "ரிப்போர்ட்பக்" கருவி இருக்கிறது. அது உங்கள் கணினி விவரங்களைத் தானே சேர்த்துவிடும், ஏற்கெனவே இருக்கும் அறிக்கைகளையும் காட்டும். அது பிடிக்காவிட்டால் சாதாரண மின்னஞ்சலே போதும்: உடலின் முதல் வரிகளில் பேக்கேஜ், வெர்ஷன், தீவிரம் மூன்றையும் எழுதி, ஒரு வரி விட்டு விஷயத்தைத் தொடங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: உங்கள் மின்னஞ்சல் முகவரி இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படி நிற்கும், அழிக்க மாட்டார்கள். இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

புதியது டெஸ்டிங்கில் இருக்கிறது, உங்கள் ஸ்டேபிளில் இல்லை என்றால் கேட்க வேண்டியது பேக்போர்ட். அதாவது டெஸ்டிங்கில் இருப்பதை ஸ்டேபிளில் ஓடுமாறு திரும்பக் கட்டித் தருவது. முதலில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்தாலும் எதுவும் தானாகப் புதிதாக மாறாது. அதற்கு முன்னுரிமை எண் 100 மட்டுமே, சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. நீங்கள் "மைனஸ் டி" கொடுத்துப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். அதனால் பயப்படாமல் சேர்க்கலாம்.

உபுண்டு. வெளியான பதிப்புக்குள் புதிய வெர்ஷன் நுழைவது மிகவும் கடினம். எஸ்ஆர்யூ எனப்படும் முறையில் குறிப்பிட்ட வழுவைத் திருத்த மட்டுமே இடம், சில விதிவிலக்குகள் உண்டு. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "1.3 வேண்டும்" என்பதை விட்டுவிட்டு, "1.2.2-இல் இந்தக் கோப்பைத் திறந்தால் மூடிக்கொள்கிறது, இந்தத் திருத்தம் அதைச் சரிசெய்கிறது" என்று உபுண்டுவின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் எழுதுங்கள். பாதிப்பு என்ன, சோதிப்பது எப்படி, எங்கே உடைய வாய்ப்பு என்ற மூன்று தலைப்புகளில் எழுதினால் அவர்களுடைய படிவத்தோடு பொருந்தும். அடுத்த உபுண்டுவில் புதியது வேண்டுமென்றால் டெபியனில் கேளுங்கள், பெரும்பாலும் தானாக இறங்கி வரும்.

ஆர்ச். இங்கே வேலை ஒரு பொத்தானோடு முடிந்துவிடும்: பேக்கேஜ் பக்கத்தில் "ஃப்ளாக் அவுட் ஆஃப் டேட்". ஆனால் டெஸ்டிங் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்காமல் அழுத்த வேண்டாம். பீட்டாவுக்கும் அழுத்தக் கூடாது. பழைய வெர்ஷனில் வழு இருக்கிறது என்பதற்கும் இந்தப் பொத்தான் இல்லை. வெளியீட்டு அறிவிப்பின் இணைப்பை மட்டும் குறிப்பில் வையுங்கள். பயனர்களே பேக்கேஜ் வைக்கும் ஏயுஆரில் பெயர் "மைனஸ் கிட்" என்று முடிந்தால் அது எப்போதும் புதிய நிரலையே இழுக்கும், எண்ணைப் பார்த்து ஃப்ளாக் செய்யாதீர்கள்.

ஃபெடோராவில் கேட்கும் வேலையையே இயந்திரம் செய்கிறது. வெளியீடுகளைக் கண்காணிக்கும் அனித்யா என்ற அமைப்பு, புதியது வந்ததும் வழுப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் "இந்த வெர்ஷன் கிடைக்கிறது" என்று தானே பதிவிட வைக்கிறது. நமக்கு மிச்சமிருப்பது போதி தளத்தில் சோதனைக்கு வந்திருப்பதை நிறுவிப் பார்த்து, சரியாக ஓடினால் கர்மா (ஆதரவு மதிப்பெண்) கொடுப்பது. ஓப்பன்சூசேயில் பில்ட் சர்வீஸில் நாமே கிளை எடுத்து, வெர்ஷனை மாற்றிக் கட்டிப் பார்த்து, சேர்க்கச் சொல்லி அனுப்பலாம். கேட்பதைவிட அங்கே செய்து கொடுப்பதே சுலபம்.

படி 5: கோரிக்கையை எழுதுவது

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இலக்கணம் பிசகினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பராமரிப்பாளர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். கொலுசுப் பட்டறைக்காக ஒரு பேக்போர்ட் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

"வணக்கம். டெபியன் 12-இல் இங்க்ஸ்கேப் 1.2.2 பயன்படுத்துகிறோம், பேக்கேஜைப் பராமரிப்பதற்கு நன்றி. நகை வடிவமைப்புக்கு ஷேப் பில்டர் கருவி எங்களுக்குத் தேவை. அது 1.3 முதல் இருக்கிறது. டெபியன் 13-இல் 1.4 இருப்பதைப் பார்த்தேன். டெபியன் 12-க்கு பேக்போர்ட் செய்யும் எண்ணம் உண்டா? டெபியன் 12 கணினியில் மூலப் பேக்கேஜைக் கட்டிப் பார்த்தேன், வந்த பதிவை இணைத்திருக்கிறேன். நீங்கள் செய்தால், எங்கள் அன்றாடக் கோப்புகளோடு சோதித்துச் சொல்கிறேன்."

இதில் மூன்று வாக்கியங்கள்தான் வேலை செய்கின்றன. எதற்காக வேண்டும் என்பது, புதியது எங்கே இருக்கிறது என்பது, நாம் என்ன செய்து பார்த்தோம் என்பது. கட்டிப் பார்த்தேன் என்ற வரியை உண்மையிலேயே கட்டிப் பார்த்த பிறகே எழுதுங்கள். அது கடினமும் இல்லை. டெபியன் 13-இன் மூலப் பேக்கேஜை இறக்கி, "ஏபிடி பில்ட்-டெப்" கொடுத்துத் தேவையானவற்றை நிறுவி, "டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்" ஓட்டினால், கட்டப்படும் அல்லது எந்த நூலகம் போதவில்லை என்று சொல்லி நிற்கும். நின்றாலும் நல்லதுதான். "இந்த நூலகம் பழையது" என்ற அந்த ஒரு வரி பராமரிப்பாளரின் ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. "ஆர்ச்சில் எப்போதோ வந்துவிட்டது" என்று எழுதாதீர்கள், அது அவருக்குத் தெரியும். "அவசரம்" என்று எழுதாதீர்கள். டெபியனில் பெரும்பாலானவர்கள் தன்னார்வலர்கள், உங்கள் அவசரம் அவர் சம்பளத்தில் இல்லை. தீவிரத்தை விஷ்லிஸ்டிலிருந்து மேலே ஏற்றினால் இறக்கிவிட்டு, உங்களையும் மனதில் குறித்துக்கொள்வார்.

படி 6: பதில் வரும் வரை, வராவிட்டால்

சில வாரம் பொறுங்கள். நூலகம் ஒன்றின் பைனரிப் (நிறுவத் தயாரான) பேக்கேஜ் பெயர் மாறினால் டெபியனில் அது "நியூ" வரிசையில் நின்று, வேறு ஒரு குழு பார்த்து அனுமதித்த பிறகே உள்ளே வரும். அதில் பராமரிப்பாளர் கையில் எதுவும் இல்லை. அப்புறமும் அசைவில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதுவும் புதிய தகவலோடு.

டிராக்கரில் "ஆர்ஃபண்டு" என்று இருந்தால் அந்தப் பேக்கேஜுக்கு ஆளே இல்லை. யாரிடம் கேட்பது? யாராவது எடுத்தால்தான் உண்டு. பராமரிப்பாளர் பெயர் இருந்தும் நெடுநாள் நடமாட்டமே இல்லையென்றால், டெபியனில் சால்வேஜ் என்ற முறை இருக்கிறது: பொறுப்பேற்க விரும்புவதாக அறிக்கை போட்டு, 21 நாள் காத்திருந்து, மறுப்பு வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். கருப்பூர் பக்கம் கணினி படிக்கும் மாணவர்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று எதையோ விலைக்கு வாங்குவதைவிட இப்படி ஒன்றை எடுத்துப் போட்டால் உருப்படியாக ஏதாவது கற்கலாம்.

மறுப்பு வந்தால் அதன் காரணத்தைப் படியுங்கள். ஜிம்ப் 3.0 வெளியானது 2025 மார்ச் 16. அதை உபுண்டு 24.04-இல் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருப்பது 2.10. மூன்றாம் பதிப்பு ஜிடிகே 3-க்கு (திரையில் மெனு, பொத்தான்களை வரையும் நூலகம்) மாறியது, ப்ளகின்களின் இடைமுகமும் மாறியது. எல்டிஎஸ்ஸுக்குள் அதைத் தள்ளினால் பழைய ப்ளகின்களை நம்பி வேலை செய்பவர்களின் மேசை ஒரே நாளில் கவிழும். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. உபுண்டு 25.04 முதலான பதிப்புகளிலும் டெபியன் 13-இலும் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது, முடிந்தவர்கள் ஆதரவு முடியாத ஒன்றுக்கு மாறலாம்.

படி 7: அதுவரை வேலை நடக்க வேண்டுமே

டிஸ்ட்ரோவைச் சாராமல் மென்பொருளைத் தனியாக நிறுவும் ஃப்ளாட்பேக் நல்ல வழி. அதன் தளமான ஃப்ளாட்ஹப்பில் ஜிம்ப், இங்க்ஸ்கேப், க்யூஜிஸ் மூன்றும் கிடைக்கின்றன, கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாது. சேலம் நகருக்குள் இதைத் தயங்காமல் சொல்வேன். ஏற்காட்டில் யோசிப்பேன். முதல் முறை ஃப்ளாட்பேக் போடும்போது அடித்தள ரன்டைமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் நிற்கும் எஸ்டேட் அலுவலகத்தில் அது ராத்திரி முழுக்க ஓடும், விடிந்து பார்த்தால் பாதியில் நிற்கும். அங்கே ஆப்இமேஜ் மேல். இங்க்ஸ்கேப்பும் ஜிம்ப் 3-உம் அதிகாரபூர்வமாகவே தருகின்றன. ஒற்றைக் கோப்பு. கீழே சேலத்தில் இறக்கி பென்டிரைவில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கொடுத்துவிடலாம். க்யூஜிஸுக்கு அந்தத் திட்டமே டெபியன், உபுண்டுவுக்கான தன் சொந்தக் களஞ்சியத்தை நடத்துகிறது. அதில் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களின் பிபிஏக்களை (உபுண்டுவுக்குத் தனியார் நடத்தும் களஞ்சியங்கள்) சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நடத்துபவர் யார் என்று தெரியாத களஞ்சியத்துக்கு உங்கள் கணினியில் ரூட் (முழு) அனுமதி கொடுக்கிறீர்கள். மென்பொருளை எழுதியவர்களே நடத்தும் பிபிஏ என்றால் சரி. ஸ்டேபிள் கணினியில் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் களஞ்சியங்களைக் கலப்பது இன்னும் மோசம். ஒரு இங்க்ஸ்கேப்புக்காகத் தொடங்கி சி நூலகம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிடும், பிறகு திரும்ப வழியில்லை.

கேட்ட வெர்ஷன் டிஸ்ட்ரோவுக்கே வந்து சேர்ந்ததும் சொன்ன சொல்படி சோதித்து, உங்கள் அறிக்கையில் முடிவை எழுதுங்கள். அப்புறம் தற்காலிகமாகப் போட்ட ஃப்ளாட்பேக்கையோ ஆப்இமேஜையோ நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் மெனுவில் இரண்டு இங்க்ஸ்கேப் நிற்கும், பட்டறையில் எவர் எதைத் திறந்து எந்தக் கோப்பைச் சேமித்தார் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.